சுருளிவேல் வைத்த கண்கள்

வண்டன்மேட்டில் சுருளிவேலின் ஸ்டூடியோவுக்குள் சிரித்துக்கொண்டு நுழைந்தவர்கள் குறைவு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிற பிள்ளைகள் உண்டு, கல்யாண ஆல்பத்துக்கு வருகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடை ஓடியது செத்தவர்களால். அதைச் சொல்ல அவனுக்கே கூச்சமில்லை, நமக்கென்ன வந்தது?

எஸ்டேட் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வாழ்ந்து முடித்த பழைய ஆட்களுக்கு ஒழுங்கான படம் ஒன்று இருக்காது. இருந்தாலும் யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் பின்வரிசையில் பாதி முகம் தெரியும். ஆள் போன பிறகுதான் வீட்டாருக்குச் சுருக்கென்று உறைக்கும், ஐயோ படமில்லையே என்று. உடனே சுருளிவேலுக்குப் போன் வரும். அவன் போய், நாற்காலியில் சாத்தி உட்காரவைத்திருக்கிற உடலுக்கு நேரே நின்று, நெற்றிக் காசையும் தாடைத் துணியையும் கொஞ்சம் விலக்கச் சொல்லிப் படமெடுப்பான். பிறகு கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்த மூடிய கண்களைத் திறப்பான். "கண் திறக்கிறது" என்றுதான் அந்த வேலைக்குப் பெயர். கருமாதிக்குள் படம் சுவரில் ஏறிவிட வேண்டும். மாலை விழும், கீழே சின்னச் சிவப்பு பல்பு எரியும், அமாவாசைக்கு அமாவாசை சூடம் காட்டுவார்கள்.

கண் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கூடப் பிறந்தவரோ பெற்ற பிள்ளையோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்தால், அவர் கண்ணை வெட்டி இவர் முகத்தில் ஒட்டுவான். அப்படி யாரும் இல்லாதவர்களுக்கும், இருந்தும் நேரத்துக்கு வந்து சேராதவர்களுக்கும் இரண்டு ஜோடிக் கண்களைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தான். ஒன்று "ஆண் கண்", இன்னொன்று "பெண் கண்". எந்தக் காலத்திலோ எடுத்து வைத்தது. கடை தொடங்கியதிலிருந்து மழை வெயில் பார்க்காமல் அவைதான் உழைத்தன. நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, சுருக்கத்துக்கு நாலு கோடு போட்டால் முடிந்தது. யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லப்போனால், "எங்கம்மா உசுரோட பாக்குற மாதிரியே இருக்குண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள்தான் அதிகம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவன் மனைவி மாரீஸ்வரிக்கு அந்தத் தொல்லை ஆரம்பித்தது.

மாரீஸ்வரிக்கு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை. கலகலவென்று பேசுகிறவள், இருக்கிற இடம் தெரியும். முதலில் ஒருநாள் கட்டப்பனை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி இவள் கன்னத்தைத் தொட்டு "அம்மா" என்று சொல்லிவிட்டு, தானே மிரண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனாள். பிறகு ஸ்டோருக்குப் புதிதாக வந்த ஒருத்தி இவளை நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். அள்ளித் தரப் போனால் நடுங்குகிறாள். சந்தையில், ரேஷன் கடையில், கோயில் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார்கள். ஆண்கள் பெண்களைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"செத்தவளப் பாக்குற மாதிரி பாக்குறாங்க" என்றாள் மாரீஸ்வரி. "எனக்கு என்னமோ ஆகப்போகுது. அது அவுகளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல."

"ஏ, சும்மா இரு. நீ என்ன சினிமாக்காரியா, ஊரே பாக்க?" என்று சிரித்து மழுப்பினான் சுருளிவேல்.

கடைசியில் வந்தவர்தான் குருசாமி. வெளி எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்று, பக்கத்து லயத்தில் குடியேறியிருந்த தனி ஆள். மாரீஸ்வரி வேலை முடிந்து வெளியே வருகிற நேரத்தில் ஸ்டோருக்கு எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் வரமாட்டார், பேசமாட்டார். அவள் வளைவில் மறைகிறவரை பார்ப்பார், அவ்வளவுதான். மூடுபனி இறங்கினால் ஆள் தெரியாது, குடை மட்டும் தெரியும். அவளுக்கு அதுதான் இன்னும் பயம்.

"இந்த மாசம் முடியட்டும். நான் போடிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன். நீ வர்றதுன்னா வா, இல்லன்னா உன் பொணங்களோட கெட" என்றாள். சொன்னதோடு நிற்காமல் துணிகளையும் பையில் எடுத்து வைத்தாள். மலையை விட்டு ஒருநாள்கூட இருக்கப் பிடிக்காதவள் அவள். அவளே இப்படிச் சொல்கிறாள் என்றால் விளையாட்டில்லை.

நம்ம ஆள் என்ன செய்தான்? குருசாமியைப் போய் என்ன ஏது என்று கேட்டானா? இல்லை. கம்ப்யூட்டரில் பொருத்த ஒரு கிராபிக்ஸ் கார்டு தேடிக்கொண்டிருந்தான்! பெண்டாட்டி பயத்தில் பாதியாகிவிட்டாள், இவன் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அதற்குள் தலையை விட்டிருந்தான். கண்ணுக்கு முன்னால் இருக்கிற கஷ்டத்துக்குப் பயந்து வேறொரு வேலையில் ஒளிந்துகொள்கிற மனுஷர்கள் உண்டு. சுருளிவேல் அந்த ஜாதி.

அந்த வேலையும் அவசியமானதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ளெக்ஸ் அடிக்கிற இடத்திலிருந்து, "பெருசாப் போட்டா ஒட்டின இடம் தெரியுது, கொஞ்சம் சுத்தமா பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவனுடைய பழைய மானிட்டரில் முழு முகத்தைக் காட்டினால் ஒரு கண் என்பது நகத்தளவு கருப்பு, அவ்வளவுதான். படம் பெரிதாவதெல்லாம் கடையை விட்டுக் கிளம்பிய பிறகு. அதனால் மூணாறில் ஒரு ரிசார்ட்காரர்கள் கழித்துப்போட்ட ஃபோர்-கே மானிட்டரை வாங்கி வந்து மாட்டினான். மாட்டினால் படம் கண்ணாடிபோல் தெரிந்தது, ஆனால் மவுஸ் இழுத்தது. கை போய்ச் சேர்ந்த பிறகு அம்புக்குறி பின்னாலேயே மெதுவாக வந்தது. கோடு போட்டால், இவன் கையை எடுத்த பிறகும் கோடு கொஞ்ச தூரம் தானாகப் போய் நின்றது. அதைப் பார்க்கவே அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

கட்டப்பனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜோமோன் அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளி. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ்தான். அதனால் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் கைக்கு வராது. ஜோமோன் கேட்டவுடனே சொல்லிவிட்டான்.

"எடா சுருளி, உன் போர்டில் உள்ள எச்டிஎம்ஐ பழசு. இத்தனை பெரிய ஸ்க்ரீனுக்கு நொடிக்கு முப்பது படம்தான் அதால தள்ளமுடியும். ரெண்டாவதா ஒரு கார்டு போடு."

"எதைப் போட? ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான்."

"கேம் விளையாடுறவன் சொல்றதைக் கேட்காதே. நீ படம் திருத்துறவன். டிஸ்ப்ளே போர்ட் இருக்கணும், அது முக்கியம். இல்லன்னா திரும்பவும் இதே கதைதான். பச்சைப் பெட்டியில் வர்ற கம்பெனிக் கார்டு நல்லதுதான், ஆனா டிரைவர் தனியா போடணும், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நீ கூட நிக்கணும். சிவப்புப் பெட்டிக்கு டிரைவர் லினக்ஸுக்குள்ளயே உண்டு. குத்து, ஸ்விட்சைப் போடு, கழிஞ்சு, வேலை முடிஞ்சது."

"கரண்ட்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். உன் பவர் சப்ளை கிழவன். தனி ஒயர் கேட்கிற கார்டு வேண்டாம். சின்னதா, விசிறி இல்லாததா எடு. மழைக்காலத்தில் உங்க வண்டன்மேட்டு வோல்டேஜுக்கு அதுதான் தாங்கும். பழைய மானிட்டரை இப்ப இருக்கிற போர்டிலேயே விடு, புதுசை கார்டில் கொடு. ரெண்டும் ஒண்ணா ஓடும்."

சுருளிவேல் அப்படியே செய்தான். விசிறி இல்லாத கார்டு ஒன்று பாலக்காட்டிலிருந்து பார்சலில் வந்தது. அவனே திறந்து, தூசி தட்டி, போர்டின் அடியில் இருந்த பள்ளத்தில் அழுத்திப் பொருத்தினான். அன்று மத்தியானமே விளக்கு போடுகிற அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. எதிர்க்கடை தெரியவில்லை. கம்ப்யூட்டரை எழுப்பினால் சத்தமே இல்லை, திரை மட்டும் விழித்துக்கொண்டது. மவுஸை அசைத்தான். அம்புக்குறி கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "அப்பாடி" என்று வாய்விட்டுச் சொன்னான்.

ஒரே ஒரு கோளாறு. செட்டிங்கில் போய்ப் பார்த்தால் மூன்று திரை காட்டியது. ஒன்று பழையது, ஒன்று புதியது. மூன்றாவதற்குப் பெயரில்லை. புதிய திரையின் வலது ஓரத்தைத் தாண்டி அம்புக்குறி வெளியே போனது. போன இடம் தெரியவில்லை. இழுத்தால் திரும்பி வந்தது.

ஜோமோனைக் கூப்பிட்டான்.

"அது பேய் ஸ்க்ரீன்டா" என்று சிரித்தான் ஜோமோன். "ரெண்டு கார்டு இருந்தா சில நேரம் இல்லாத ஸ்க்ரீனை இருக்குன்னு லினக்ஸ் நினைச்சுக்கும். பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்லை. செட்டிங்கில் அதை அணைச்சு விடு."

அணைத்திருக்கலாம். ஆனால் அன்று காலையில் லயத்தில் ஒரு கிழவி இறந்திருந்தாள், போய்ப் படமெடுத்து வந்தாயிற்று, மகள் வயிற்றுப் பேரன் வாசலில் வந்து காத்திருந்தான். சரி, முதலில் வேலையைப் பார்ப்போம் என்று கிழவியின் படத்தைப் புதிய திரையில் விரித்தான். "பெண் கண்" ஃபைலை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினான். வரவில்லை. ஆனால் கீழே உள்ள பட்டையில் அது திறந்திருக்கிறது என்று காட்டியது. எங்கே திறந்திருக்கிறது? பழைய திரையில் இல்லை, புதிய திரையில் இல்லை. இல்லாத திரையில் திறந்து கிடக்கிறது. வலது பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். சுவரில் ஈரம்தான் இருந்தது. இருந்தும் அங்கிருந்து யாரோ தன்னைப் பார்ப்பதுபோல் பிடரி கூசியது.

திறந்திருக்கிற படத்தை ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு மாற்றுகிற விசைகளைச் சேர்த்து அழுத்தினான். இரண்டு கண்கள் அந்த ஓரத்திலிருந்து வந்து புதிய திரை முழுவதையும் நிறைத்தன.

மாரீஸ்வரி அவனைப் பார்த்தாள்.

சந்தேகமே இல்லை. ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. இடது கண்ணின் பழுப்பில் அந்தக் கருப்புப் புள்ளி. இமையோரத்தில் சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு. கல்யாணமான புதிதில், இந்த வாசலில், வெயிலில் நிற்க வைத்து எடுத்த படம் அது. "கண்ணைச் சிமிட்டாதடி" என்று அதட்டி எடுத்தது. அதிலிருந்து கண்ணை மட்டும் வெட்டி, பெயர் போட்டு, சேமித்து வைத்துவிட்டு, யாருடையது என்பதையே காலப்போக்கில் மறந்துபோயிருந்தான். கண்மணிக்குள் வாசலின் வெளிச்சம் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவே கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி ஒல்லியாக ஓர் ஆள். அதுவும் அவன்தான்.

பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். பழைய மானிட்டரில் யாரோ ஒரு கிழவி, யாரோ ஒரு நடுவயதுக்காரி, யாரோ ஒரு பெண். அதே படத்தைப் புதிய திரைக்கு நகர்த்தினால் எல்லா முகத்திலிருந்தும் அவன் பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். ஆனவிலாசம், ஆமையார், புளியன்மலை, நெடுங்கண்டம் என்று எந்த ஊர் முகத்தைத் திறந்தாலும் அவள்தான். இத்தனை வீட்டுச் சுவர்களிலும் அவள் இருக்கிறாள், சந்தைக்குப் போனால் சும்மாவா விடுவார்கள்? ஆண் கண் அவனுடையதுதான் என்பதும் ஞாபகம் வந்தது. நல்லவேளை, கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறவனை யாரும் கவனிக்கவில்லை.

வாசலில் இருந்த பேரனைக் கூப்பிட்டு, "உங்கம்மாவைக் கூட்டிட்டு வா தம்பி. கெழவி கண்ணுக்குப் பெத்த மக கண்ணுதான் வேணும்" என்று சொல்லி அனுப்பினான். அதற்குமேல் அன்று கை ஓடவில்லை.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மாரீஸ்வரியிடம் சொன்னான். கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் படத்துக்கெல்லாம் மாலை போட்டிருப்பாங்களா?" என்றாள்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"கேக்குறேன்ல."

"போட்டிருப்பாங்க."

"சூடம் காட்டுவாங்களா?"

"அமாவாசைக்கு."

"எனக்கா?"

உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு விளையாட்டுக்குக்கூட மாலை போடக்கூடாது என்பது அந்த ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தாலும், காய்ச்சல் வந்தாலும், "எவனாவது உன் படத்துக்கு மாலை போட்டுட்டானா?" என்றுதான் கேட்பார்கள். இவளுக்கு எத்தனை வீட்டில், எத்தனை வருஷமாக!

"ஒவ்வொரு படத்தையும் எறக்கணும். எறக்கி, என் கண்ணைப் பிடுங்கிட்டு வேற வை. அதுவரைக்கும் நான் இந்த மலையில இருக்கமாட்டேன்" என்றாள். பிறகு, "அந்தக் கொடைக்காரரு வீட்லயும் இருக்குமோ?" என்று கேட்டாள்.

இருந்தது. குருசாமியின் மனைவி சீனியம்மாவின் படம் கம்ப்யூட்டரில் கிடைத்தது. பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர்கள் என்றும் யாரும் வரவில்லை. சுருளிவேல் புதிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, யாருடைய கண்ணையும் எடுக்காமல், தானே ஒரு ஜோடிக் கண்ணைத் தூரிகையால் வரைந்தான். இமை முடி ஒவ்வொன்றையும் தனியாக இழுத்தான். அந்தச் சின்னக் கார்டு சத்தமில்லாமல் கூட வந்தது. அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு பொறுமையாகச் செய்த வேலை அதுதான். பிரேம் போட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். மாரீஸ்வரியும் கிளம்பினாள். துணிப்பையும் அவள் கையிலேயே இருந்தது, அங்கிருந்து அப்படியே போடி பஸ் ஏறுவதாகத் திட்டம்.

குருசாமி கதவைத் திறந்து மாரீஸ்வரியைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார். பிறகு தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க" என்றார். உள்ளே ஒரே அறை. சுவரில் சிவப்பு பல்புக்கு மேலே, சந்தனச் சீவல் மாலையோடு சீனியம்மா. மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். தன் கண்களை வேறொரு முகத்தில் பார்ப்பது எப்படி இருந்தது என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. அப்போது சுருளிவேலின் சட்டை முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சுருளிவேல் ஒளிக்காமல் சொன்னான். தன் மேல்தான் தப்பு, மன்னிச்சுக்கிடுங்க என்று காலைத் தொடப் போனான். பிறகு புதிய படத்தைப் பிரித்துக் காட்டினான்.

குருசாமி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது யாரு?" என்றார்.

"உங்க சம்சாரம்தான்யா. கண்ணை மட்டும்…"

"இது அவ இல்லையே தம்பி." படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "அவ நெசக் கண்ணு எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது. செத்தன்னைக்கு மூடுனது. அதுக்கப்புறம் இத்தன வருசமா இந்தக் கண்ணுதான என்னையப் பாத்துச்சு. இதுதான் எனக்குத் தெரியும். இந்தப் புள்ளய ரோட்டுல பாத்ததும் எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன். தப்பா ஒண்ணும் நெனைக்கல தாயி. அவ நடந்து போறாளேன்னு பாத்தேன், அம்புட்டுத்தான்."

வெளியே பனி ஜன்னலை மூடியிருந்தது.

குருசாமி ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டார். "உன் கண்ணு தாயி. நீ எறக்கச் சொன்னா எறக்கிடுறேன். உனக்கு ஒரு கெடுதல் வரக்கூடாது. நீயே சொல்லு."

மாரீஸ்வரி சுருளிவேலைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் பிடித்திருந்த அந்தக் கிழவரின் கையைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டில் எது பெரிது என்று அவளுக்கே தெரியவில்லை.

"படம் இருக்கட்டும்" என்றாள். "மாலையை எடுத்துருங்க. பல்பையும் அணைச்சுருங்க. சூடம் காட்டாதீங்க. நான் உசுரோட இருக்கேன்ல."

குருசாமி ஸ்டூலில் ஏறினார். சுருளிவேல் கீழே பிடித்துக்கொண்டான். மாலையைக் கழற்றியபோது சந்தனத் தூள் உதிர்ந்தது. பல்பை அணைத்தார். மாலையும் சிவப்பு வெளிச்சமும் போனதும் அது செத்தவள் படமாக இல்லை. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி எந்த நேரமும் வேலையிலிருந்து வந்துவிடுவாள், அவள் படம் சுவரில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று இருந்தது. குருசாமியும் அதைப் பார்த்துவிட்டார். ஸ்டூலிலிருந்து இறங்காமலே, முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு பேர் நிற்பதையே மறந்துவிட்ட குரலில், "சீனி, சாப்பிட்டியா?" என்றார்.

சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

மாரீஸ்வரி துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"சாப்பிட்டேன்" என்றாள். "நீங்க சாப்பிட்டீகளா?"